மாற்றியமைத்த செடியாவை மதுரையில் விற்ற அனுபவம்

பல ஆண்டுகள் மதுரையில் வைத்து ஓட்டிய 2008-ஆம் ஆண்டு மிட்சுபிஷி செடியா ஸ்போர்ட்ஸ் காரைச் சென்ற ஆவணி மாதம் விற்றேன். அதே வயதுடைய ஸ்விஃப்ட்டாகவோ ஆல்டோவாகவோ இருந்திருந்தால், பைபாஸ் ரோட்டில் உள்ள பழைய கார் கடை ஒன்றில் காலையில் கொண்டுபோய் நிறுத்தி மாலைக்குள் விலை பேசி முடித்திருக்கலாம். சஸ்பென்ஷனும் பிரேக்கும் சைலன்சரும் மாற்றப்பட்ட ஒரு ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் செடானுக்கு அந்த வழி பொருந்தாது. அதற்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. அதை வாங்கக்கூடியவர்கள் மதுரை, விருதுநகர், திண்டுக்கல், தேனி, சிவகங்கை மாவட்டங்களையெல்லாம் சேர்த்தால்கூட மிகச் சிலரே இருப்பார்கள். அந்தச் சிலரும் வெறுமனே பார்த்துவிட்டுப் போக வருபவர்களின் கூட்டத்துக்குள் கலந்தே வருவார்கள். செடியா, பழைய ஹோண்டா சிட்டி விடெக், சிவிக் போன்ற கார்களை ஆசையோடு வைத்திருந்த நண்பர்கள் பலர் இப்போது விற்கும் முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காக, நான் செய்தவற்றையும் அவற்றுக்கான காரணங்களையும் எழுதுகிறேன்.

செடியாவைப் பற்றி முதலில் சிறிது சொல்ல வேண்டும். விற்பனையின் பாதிச் சிக்கல் இந்தக் காரின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு லான்சர் செடியா என்ற பெயரில் வெளிவந்த கார் இது. லான்சர் எவல்யூஷன் வரிசையின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் தலைமுறைகள் இதே உடற்கூட்டை அடிப்படையாகக் கொண்டே உருவாயின. இந்தியாவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் நம் திருவள்ளூர் ஆலையில் தயாரித்து 2006-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1,999 சிசி கொள்ளளவுள்ள 4ஜி94 பெட்ரோல் என்ஜின், 115 பிஎஸ் திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, ஐந்து கியர், பின்சக்கரங்களுக்கு மல்டி-லிங்க் சஸ்பென்ஷன் ஆகியவை இதன் அடிப்படை விவரங்கள். இன்றைய டர்போ கார்களோடு வைத்துப் பார்த்தால் இந்த எண்கள் பெரிதாகத் தோன்றமாட்டா. ஆனால் சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இதை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, தேசிய ராலி போட்டிகளில் பல ஆண்டுகள் இந்தக் கார் ஏன் தாக்குப்பிடித்தது என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். அந்த அருமை தெரிந்தவர் மட்டுமே இதற்கு விலை கொடுப்பார். தெரியாதவருக்கு இது உற்பத்தி நின்றுபோன, உதிரிபாகம் எளிதில் கிடைக்காத, பெட்ரோல் அதிகம் குடிக்கும் ஒரு பழைய வண்டி. இரண்டு பார்வையும் உண்மைதான் என்பதை ஏற்றுக்கொண்டுதான் நான் விற்பனையைத் தொடங்கினேன்.

காரில் செய்திருந்த மாற்றங்கள் இரு வகைப்பட்டவை. கம்பெனி ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாகச் சற்றே தாழ்ந்த, இறுக்கமான ஸ்பிரிங்குகள், அவற்றுக்கேற்ற ஷாக் அப்சார்பர்கள், எஃகு வலை சுற்றிய பிரேக் குழாய்கள், அதிக வெப்பம் தாங்கும் பிரேக் பேடுகள் ஆகியவை காரின் ஓட்டத்தைத் திருத்தியவை. புகையை அதிகத் தடையின்றி வெளியேற்றும் ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சர், கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், அகலமான அலாய் சக்கரங்கள், எரிபொருள் அளவைத் திருத்தும் ஒரு சிறு மின்னணுப் பெட்டி ஆகியவை பெரும்பாலும் ஓசையையும் தோற்றத்தையும் சேர்ந்தவை. டர்போ இல்லாத என்ஜினில் சைலன்சரையும் ஃபில்டரையும் மாற்றுவதால் கூடும் திறன் மிகச் சொற்பம், காதுக்குக் கிடைப்பதே அதிகம் என்பது என் உறுதியான கருத்து. இவற்றைக் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டும் நாட்களுக்காகவே வாங்கினேன். அவற்றுக்காகக் கழற்றிய கம்பெனிப் பாகங்கள் அனைத்தும், கழற்றிய நாளும் கிலோமீட்டரும் எழுதிய சீட்டோடு, சாக்கில் சுற்றி வீட்டுப் பரணில் இருந்தன. மாற்றங்கள் செய்யும் எவரும் இந்த ஒரு பழக்கத்தை விடக் கூடாது. செடியாவுக்குக் கம்பெனி சைலன்சர் ஒன்று இன்று வேண்டுமென்றால் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து தேட வேண்டும். கையில் இருந்ததால் நான் எந்த வாங்குபவரிடமும் தயங்காமல் பேச முடிந்தது.

கம்பெனிப் பாகங்கள் இவ்வளவு முக்கியமாவதற்குச் சட்டமே காரணம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். "செய்த" உரிமையாளருக்குத்தானே தண்டனை, வாங்குபவருக்கு என்ன என்று சிலர் கேட்கிறார்கள். சாலையில் நிறுத்திக் கேட்கப்படுபவர் அன்றைக்குக் காரை ஓட்டி வருபவர்தான். வண்டி இப்படித்தான் என்னிடம் வந்தது என்று அவர் நடுரோட்டில் நின்று நிறுவ முடியாது. காப்பீட்டிலும் இதே சிக்கல் உண்டு. அறிவிக்கப்படாத மாற்றங்கள் உள்ள கார் விபத்தில் சிக்கினால், சேத இழப்பீட்டை மறுக்கவோ குறைக்கவோ நிறுவனத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. நல்ல வாங்குபவர் இதையெல்லாம் யோசித்துத்தான் வருவார்.

ஆகவே விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே சைலன்சர், ஏர் ஃபில்டர், சக்கரங்கள், ஸ்பிரிங்குகள் ஆகியவற்றைக் கம்பெனி நிலைக்குத் திருப்பினேன். மின்னணுப் பெட்டியைக் கழற்றி, என்ஜின் கணினி தன் பழைய கணக்கிலேயே சீராக ஓடுகிறதா என்று ஸ்கேனர் வைத்துப் பார்த்துக்கொண்டேன். பிரேக் பேடுகளையும் குழாய்களையும் மட்டும் விட்டுவைத்தேன். அவை தேய்மானத்தின்போது மாற்றப்படும் பாகங்கள். மேலும் அவற்றைக் கழற்றிப் பழைய ரப்பர் குழாயைப் பூட்டிக் கொடுக்க என் மனம் இடம் தரவில்லை. கழற்றியவற்றைக் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பந்தய ஓட்டத்தில் ஈடுபாடுள்ளவர்களுக்குத் தனித்தனியாக விற்றேன்.

பணக் கணக்கில் இதுவே சரியான வழி என்பதற்கு என் கணக்கையே சொல்கிறேன். மாற்றங்களுக்காக ஆண்டுக்கணக்கில் நான் போட்ட பணம் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ரூபாய். பாகங்களைத் தனியே விற்றதில் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத் திரும்பியது. காரோடு சேர்த்து விற்றிருந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வந்திருக்காது. வந்த விலையும் குறைந்திருக்கும். தொடக்கத்தில் காரைப் பார்த்த ஒரு புரோக்கர், இந்தத் தொழிலில் தலை நரைத்தவர், தெளிவாகச் சொன்னார்: "சார், நீங்க இம்புட்டுச் செலவு பண்ணிருக்கீங்க, எனக்குப் புரியுது. ஆனா வாங்குறவருக்கு அது செலவாத் தெரியாது சார், சந்தேகமாத்தான் தெரியும். வண்டிய எப்படி ஓட்டிருப்பாங்களோன்னுதான் மொதல்ல நெனைப்பாரு." அவர் சொன்ன விலை எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆனால் அவர் சொன்ன காரணம் முழு உண்மை. சைலன்சர் மாற்றிய காரைப் பார்த்ததும், இது கிளட்சைத் தேய்த்து, என்ஜினைச் சிவப்புக் கோடு வரை விரட்டி ஓட்டப்பட்ட வண்டி என்றே எவரும் எண்ணுவார்கள். அந்த எண்ணத்தை வாய்ப்பேச்சால் அகற்ற முடியாது.

அதை அகற்றியது என் பராமரிப்புக் குறிப்பேடு. கார் வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு ஆயில் மாற்றமும், கூலன்ட்டும், கியர் ஆயிலும், பிளக்கும், தேதியோடும் மீட்டர் எண்ணோடும் ஒரு நீளக் கணக்கு நோட்டில் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு வரிக்கும் உரிய பில் கோப்பில் இருந்தது. மீட்டரைக் குறைத்துக் காட்டுவது சாதாரணமாகிவிட்ட சந்தையில், வெவ்வேறு கடைகளின் பில்களில் கிலோமீட்டர் ஒழுங்காக ஏறிக்கொண்டே வருவது, எந்த உறுதிமொழியையும் விட வலுவான சான்று. குறிப்பாக டைமிங் பெல்ட். 4ஜி94 என்ஜினில் டைமிங் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட்தான். அது அறுந்தால் வால்வுகள் வளைந்து, என்ஜினின் தலையையே இறக்க வேண்டிவரலாம். செடியா தெரிந்தவர் வந்தால் கேட்கும் முதல் கேள்வி இதுதான் என்று எனக்குத் தெரியும். ஆகவே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே வேலையாக மாற்றிய பில்லையும், கழற்றிய பழைய பெல்ட்டின் படத்தையும் கோப்பின் முதல் பக்கத்திலேயே வைத்தேன்.

மதுரை வெயிலைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், காரை ஓடும் கிலோமீட்டரை விட வெப்பமே அதிகம் தின்கிறது. சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் வெடிக்கும், என்ஜின் மவுன்ட்கள் தளரும், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியில் மயிரிழை விரிசல் விடும், டேஷ்போர்டு வெளுக்கும். மீட்டரில் குறைவாக ஓடிய காரிலும் இவை எல்லாம் நடக்கும். ஆகவே குறைவாக ஓடியது என்பதையே பெரிய பெருமையாகச் சொல்லி விற்பவரிடம் வாங்குபவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். விற்பவர்கள் ரப்பர் பாகங்கள் எப்போது மாற்றப்பட்டன என்பதைத் தனியே எழுதி வைக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டதால் எரிபொருள் குழாய்களும் இதில் சேர்கின்றன. 2008-இல் உருவான கார் 20 சதவீத எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதன்று. ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றியிருந்தேன். அந்தப் பில் விலை பேசும்போது எனக்கு நேரடியாகவே உதவியது.

அதே மதுரை ஒரு வகையில் காருக்கு நன்மையும் செய்கிறது. கடற்காற்றின் உப்பு இங்கே இல்லை. ராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ பதினைந்து ஆண்டுகள் நின்ற காரின் அடித்தட்டையும் என் காரின் அடித்தட்டையும் அருகருகே பார்த்தால் வேறுபாடு கண்கூடு. வெள்ளமும் இப்போது விலையைத் தீர்மானிக்கும் ஒன்றாகிவிட்டது. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்கள் தென்மாவட்டங்களுக்கு மலிவாக வந்து இறங்கியதை நாம் பார்த்திருக்கிறோம். 2023 டிசம்பரில் சென்னையும், அதே மாதத்தில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. விவரம் தெரிந்தவர்கள் இப்போது சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து நீர்க்கறை தெரிகிறதா என்று பார்க்கிறார்கள், ஸ்டெப்னி இருக்கும் குழிக்குள் வண்டல் இருக்கிறதா என்று கைவிட்டுத் துழாவுகிறார்கள், இருக்கையின் தண்டவாளத்தில் துருவைத் தேடுகிறார்கள். இந்த மூன்று இடங்களையும் அடித்தட்டையும் நானே படமெடுத்து விளம்பரத்திலேயே போட்டேன். பளபளக்கும் முன்பக்கப் படங்களை விட இந்தப் படங்களைப் பார்த்து அழைத்தவர்களே தகுதியுள்ளவர்களாக இருந்தார்கள்.

விளம்பரத்தை எழுதும்போது குறைகளை முதலில் எழுதினேன். டேஷ்போர்டின் வலது ஓரத்தில் ஒரு விரிசல். இடப்பக்கப் பின்கதவில் டிங்கரிங் செய்து மறுபெயின்ட் அடித்த இடம். இரண்டாம் கியர் குளிர்ந்த நிலையில் சற்றே முரண்டு பிடிப்பது. பவர் விண்டோ ஒன்று மெதுவாக ஏறுவது. பின்னர், இதுவரை செய்த மாற்றங்கள் எவை, அவற்றில் எவை இப்போது காரில் இல்லை, எவை இருக்கின்றன என்பதை ஒளிக்காமல் எழுதினேன். மாற்றங்களைக் கழற்றிவிட்டு, அவை இருந்ததையே சொல்லாமல் விற்பதை நான் ஏற்கவில்லை. ஸ்பிரிங் மாற்றியதன் தடம் சஸ்பென்ஷன் போல்ட்டுகளில் தெரியும். சைலன்சர் மாற்றியதன் தடம் அதன் ரப்பர் கொக்கிகளில் தெரியும். மறைத்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், மறைக்காத பத்தையும் வாங்குபவர் நம்ப மாட்டார். ஆர்.சி.யைப் பற்றியும் தெளிவாகக் குறிப்பிட்டேன்: 2023-இல் பதினைந்து ஆண்டு முடிந்து, ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டி, 2028 வரை செல்லுபடியாகும் நிலையில் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ரூபாய் ஆகிவிட்டது. பதினைந்து ஆண்டை நெருங்கும் காரைப் புதுப்பிக்காமல் விற்றால், அந்தக் கட்டணத்தையும் அலைச்சலையும் போலப் பல மடங்கை வாங்குபவர் விலையில் குறைப்பார். புதுப்பித்துவிட்டு விற்பதே இலாபம்.

காலத்தையும் பார்த்தேன். ஆடி மாதத்தில் நம் பக்கத்தில் வண்டி வாங்குவோர் குறைவு. பழைய கார் என்றாலும் பெரியவர்கள் தடுத்துவிடுவார்கள். ஆடியில் வேலைகளையெல்லாம் முடித்து, படங்கள் எடுத்து, ஆவணி பிறந்ததும் விளம்பரம் செய்தேன்.

வந்தவர்களைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் பலர் ஒரே வகை. கல்லூரி இளைஞர்கள் கூட்டமாக வந்து, என்ஜினை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் காட்டச் சொன்னார்கள். சூடாகாத என்ஜினை அப்படி மிதிக்க நான் யாரையும் அனுமதிக்கவில்லை. கழற்றிய ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சரைத் திரும்பப் பூட்டித் தந்தால் கூடுதல் விலை தருவதாகச் சொன்னவர்களுக்கும் மறுத்துவிட்டேன். கேரளத்திலிருந்து ஒருவர் உண்மையான ஆர்வத்தோடு அழைத்தார். குமுளி வழியாக வந்தால் அரை நாள் பயணம்தான். ஆனால் வேறு மாநிலத்துக்கு விற்றால் 28-ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும், அங்கே சாலை வரி கட்டிப் புதிய எண் வாங்க வேண்டும். அதுவரை கார் என் பெயரிலேயே இருக்கும். இவ்வளவு பழைய காருக்கு அந்த நீண்ட இடைவெளி இரு தரப்புக்கும் நல்லதல்ல என்று அவரிடமே எடுத்துச் சொன்னேன். அவரும் ஏற்றுக்கொண்டார்.

வாங்கியவர் விருதுநகர் மாவட்டத்தில் அச்சகத் தொழில் செய்யும் குடும்பத்து இளைஞர். தன் மெக்கானிக்கையும் அழைத்து வந்தார். அந்த மெக்கானிக் காரின் வெளித்தோற்றத்தைப் பார்க்கவே இல்லை. பானட்டைத் திறந்து என்ஜின் மேல் கையை வைத்தார். "காலையில ஸ்டார்ட் பண்ணலயேண்ணே?" என்று கேட்டார். வருகிறோம் என்று முன்னரே சொல்லியிருந்ததால் காரை இரவு முழுவதும் அசைக்காமல் வைத்திருந்தேன். குளிர்ந்த என்ஜினை வாங்குபவர் கையால் முதன்முறை ஸ்டார்ட் செய்ய விடுவது மிக முக்கியம். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் புகையையும் வால்வுச் சத்தத்தையும் மறைக்கவே செய்தார்கள் என்று நினைப்பார்கள், அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. அதன் பின் என் செலவிலேயே ஓர் ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஷன் பார்த்தோம். நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஒன்றுக்கொன்று பத்து சதவீத வேறுபாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அதற்குள் நன்றாகவே இருந்தது. அலைன்மென்ட் கடையில் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம் முழுவதையும் டார்ச் அடித்துப் பார்க்க விட்டேன். இதற்கான செலவு சில ஆயிரங்களைத் தாண்டாது. மாற்றியமைத்த காரை விற்பவர் தானே முன்வந்து இந்தச் சோதனைகளைச் செய்ய அழைத்தால், பேச்சின் தொனியே மாறிவிடுகிறது.

ஓட்டிப் பார்ப்பதற்குத் தேனி சாலையைத் தேர்ந்தேன். முதலில் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து அதன் படத்தை வைத்துக்கொண்டேன். காப்பீடும் புகைச் சான்றும் நடப்பில் இருந்தன. காளவாசல் நெரிசலில் கிளட்சும் ஏசியும் தெரியும். விராட்டிபத்தைத் தாண்டி வேகத்தடைகளில் சஸ்பென்ஷன் தெரியும். நாகமலைப் புதுக்கோட்டைக்கு அப்பால் பல்கலைக்கழகத்தைக் கடந்து செக்கானூரணி வரை சாலை விரியும்போது கார் கோட்டில் நிற்கிறதா என்பது தெரியும். போகும்போது நான் ஓட்டினேன், திரும்பும்போது அவர் ஓட்டினார். இரண்டாம் கியரின் முரண்டை நானே முதலில் காட்டினேன். அவருடைய மெக்கானிக், "இது சிங்க்ரோதாண்ணே, இப்போதைக்கு ஒண்ணும் பண்ணாது. ஆயில் மாத்திப் பார்ப்போம்" என்று அவரிடம் சொல்லிவிட்டார். சிங்க்ரோ என்பது கியர் மாறும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைக்கும் பாகம். குறையை விற்பவன் காட்டியதால் அது பேரத்துக்கான ஆயுதமாக மாறவில்லை.

விலை பேசும்போது நான் சொன்ன தொகைக்கு ஓர் அடிப்படை வைத்திருந்தேன். மாற்றம் செய்யாத, நல்ல நிலையில் உள்ள செடியாக்களுக்கு அண்மையில் கேட்கப்பட்ட விலைகளைத் திரட்டி, அவற்றின் நடுவிலிருந்து தொடங்கி, கடந்த மூன்று ஆண்டுகளில் செய்த பெல்ட், புஷ், ரேடியேட்டர், கிளட்ச் வேலைகளின் பில் தொகையில் பாதியைக் கூட்டினேன். மாற்றங்களுக்காக ஒரு ரூபாயும் கூட்டவில்லை. இந்தக் கணக்கை அவரிடமே காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவர் டேஷ்போர்டு விரிசலுக்கும் பவர் விண்டோவுக்கும் குறைக்கச் சொன்னார். நியாயமாகப் பட்டது, குறைத்தேன். மேலும், விற்காமல் மீந்திருந்த ஒரு செட் பிரேக் பேடும், சர்வீஸ் மேனுவலும், எங்கே எந்தப் பாகம் கிடைக்கும் என்று நான் சேர்த்து வைத்திருந்த பட்டியலும் அவருக்கே என்றேன். உற்பத்தி நின்றுபோன காருக்கு அந்தப் பட்டியல் பணத்தை விடப் பெரிது. எந்த மாடலின் எந்தப் பாகம் இதற்குப் பொருந்தும் என்று கண்டறிய எனக்கே ஆண்டுகள் ஆயின. அவர் சொன்ன கடைசித் தொகை புரோக்கர் சொன்னதை விடக் கணிசமாக அதிகம். அந்த வேறுபாடு நோட்டுக்கும் பில்களுக்கும் கிடைத்த விலை என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து வருவது ஆவணங்கள். வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. "சாவியை வாங்கிக்கிறேன், பேரை அப்புறம் மாத்திக்கிறேன்" என்பது நம் ஊரில் சர்வ சாதாரணமான பேச்சு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், கார் அடுத்தடுத்துப் பலர் கைக்கு மாறிச் சென்றிருந்தும், விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று முடிவானது. வேகத்துக்குப் பெயர்போன ஒரு காரை விற்பவர் இதை மறக்கவே முடியாது. 29-ஆம் படிவம் காரைக் கைமாற்றிவிட்டதை விற்பவர் தெரிவிப்பது. 30-ஆம் படிவம் பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஏஜென்ட்டிடம் கொடுப்பதை நான் செய்யவில்லை. எல்லா இடங்களையும் நிரப்பிய பிறகே இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கையெழுத்திட்டோம். அதற்கு முன்பே நிலுவையில் இ-சலான் எதுவும் இல்லை என்பதை இணையத்தில் பார்த்துக்கொண்டேன். சலான் நிலுவை இருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். பழைய வங்கிக் கடன் ஆர்.சி.யில் பதிவாகியிருந்தால், கடன் அடைந்து எத்தனை ஆண்டுகள் ஆனாலும், 35-ஆம் படிவம் கொடுத்து அதை நீக்கியிருக்க வேண்டும். என் காரில் அதை முன்னரே முடித்திருந்தேன்.

பணம் முழுவதும் ஆர்.டி.ஜி.எஸ். வழியாக வந்தது. இரண்டு லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தைப் பெற்றுக்கொண்டவருக்கே அதே அளவு தொகை அபராதம். பாதி ரொக்கம், பாதி வங்கி என்ற ஏற்பாட்டை யார் கேட்டாலும் மறுத்துவிட வேண்டும். கார் நல்ல நாள் பார்த்தே கைமாறியது. ஆனால் அந்த நாளை விண்ணப்பம் பதிவான நாளுக்குப் பிறகு வருமாறு குறிக்கச் சொன்னேன். அவருடைய வீட்டார் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்கள். காரை ஒப்படைத்த தேதி, நேரம், மீட்டர் எண், இந்த நிமிடத்திலிருந்து எல்லாப் பொறுப்பும் வாங்குபவருடையது என்ற வாசகம், கழற்றப்பட்ட மாற்றங்களின் பட்டியல் ஆகியவற்றோடு டெலிவரி நோட் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம். மாற்றங்களின் பட்டியலை அதில் சேர்ப்பது, நாளை அவர் புதிதாக ஏதேனும் மாற்றினாலும் அது எனக்குப் பின் நடந்தது என்பதற்கான சான்று.

சில வாரங்களில் மதுரை தெற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவேட்டில் பெயர் மாறியதை எம்பரிவாகன் செயலியில் பார்த்து உறுதி செய்தேன். காப்பீட்டை அவர் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும், மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே அவருக்குச் சென்றாலும் சொந்தச் சேதக் காப்பீடு அப்படிச் செல்லாது என்பதையும் காரைக் கொடுத்த அன்றே சொல்லியிருந்தேன்; அவர் அதே வாரம் முடித்துவிட்டார். ஃபாஸ்டாக் என் வங்கிக் கணக்கோடு இணைந்தது என்பதால், காரைக் கொடுத்த அன்றே அதை மூடினேன். மூடாமல் விட்டிருந்தால் அவர் விருதுநகர் திரும்பும் வழியில் கப்பலூர் சுங்கச்சாவடியிலேயே என் பணம் பிடிக்கப்பட்டிருக்கும். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் காப்பீட்டில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. இதை அறியாமல் பலர் காரோடு விட்டுவிடுகிறார்கள். பெயர் மாறிய ஆர்.சி. நகலைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, அதிகபட்ச அளவான 50 சதவீதத்தில் இருந்த என் போனஸுக்கு ஒதுக்கீட்டுக் கடிதம் வாங்கிக்கொண்டேன். மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.